முதிரை அருகிவரும் மரமா? நிலை போடலாமா, காணியில் வளர்க்கலாமா?

கேள்வி இதுதான்: கோண்டாவிலில் வீடு கட்டுகிறோம். ஓடாவியார் முதிரையில்தான் நிலை போட வேண்டும் என்கிறார். அது அழிந்துவரும் மரம், வேண்டாம் என்று மகள் நிற்கிறாள். வன்னிக்குப் போனால் வீதிக்கரையிலேயே முதிரை நிற்கிறது, பிறகு எப்படி அழிந்துவருகிறது? வீட்டுக் காணிக்குள் இரண்டு கன்று வைத்தால் வருமா?

மகள் சொல்வது சரி. வன்னியில் மரம் நிற்பதும் உண்மை. நிற்கிற மரத்தை எண்ணுவது ஒரு கணக்கு. தறித்த மரத்தின் இடத்துக்கு அதே அளவில் இன்னொன்று வந்துகொண்டிருக்கிறதா என்று பார்ப்பது வேறு கணக்கு. முதிரையில் இடறுவது இந்த இரண்டாவது கணக்குத்தான். வீதிக்கரையில் கண்ட மரங்களின் சுற்றளவை நெஞ்சுயரத்தில் நாடா பிடித்து அளந்து பாருங்கள். நிலைக்கு ஆகக்கூடிய நாலடிச் சுற்று மரம் எத்தனை என்று எண்ணினால் கேள்வியே மாறிவிடும்.

முதலில் மரத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், பெயரில் குழப்பம் இருக்கிறது. நாம் முதிரை என்பதன் தாவரவியல் பெயர் குளோரோசைலோன் சுவீட்டேனியா. சிங்களத்தில் புரூத்த. தமிழ்நாட்டில் பொரசு என்று சொல்வார்கள், ஆனால் செம்மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் புரசு, அதாவது பலாசு, முற்றிலும் வேறு மரம். எலுமிச்சை, விளா, கறிவேப்பிலை இருக்கிற குடும்பத்தைச் சேர்ந்தது முதிரை. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எலுமிச்சை இலையில் தெரிவதுபோல் ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும், கசக்கினால் வாசம் வரும். ஒரு காம்பில் 10 முதல் 20 சோடி சிற்றிலைகள் இருக்கும். ஒவ்வொன்றும் சிறியது, வெளிர்ப்பச்சை, அடிப்பக்கம் ஒருபுறம் சாய்ந்தது. பட்டை தக்கைபோல் தடித்து வெடித்திருக்கும், நகத்தால் கீறினால் உள்ளே மஞ்சள். பூ மிகச் சிறிது, வெண்மையும் மஞ்சளும் கலந்த நிறம், கொத்தாக வரும். காய் 3 முதல் 4 செ.மீ. நீளம். முற்றியதும் மூன்று பிளவாகத் திறந்து, ஒருபக்கச் சிறகு வைத்த தட்டை விதைகளைக் காற்றில் விடும். வெறுங்கூடு கிளையிலேயே கன நாள் தொங்கிக்கொண்டிருக்கும்.

கன்று வாங்கும் இடத்தில் நடக்கும் பிழை ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 'சுவீட்டேனியா' என்பது மகோகனியின் பேரினப் பெயரும்கூட. பெயரைப் பாதி கேட்டுக்கொண்டு மகோகனிக் கன்றை வாங்கி வந்தவர்கள் உண்டு. மகோகனியின் சிற்றிலை ஒரு விரல் நீளத்துக்கு மேலே, பளபளப்பாக, நாலைந்து சோடி மட்டும் இருக்கும். முதிரைக் கன்றின் இலை தூரத்தில் பார்த்தால் தொட்டாற்சிணுங்கியை நினைவூட்டும். இந்த ஒரு வித்தியாசம் போதும்.

இயற்கையில் முதிரை இருப்பது இலங்கையின் உலர்வலயத்திலும், இந்தியாவின் மத்திய, தென் பகுதிகளிலும், மடகாஸ்கரிலும். நமக்கு அருகில் என்றால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்க் காடுகள். பாலை, வீரை, கருங்காலியோடு சேர்ந்து நிற்கும். தண்ணீர் வடிந்தோடும் மேட்டு நிலம், மணல் கலந்த செம்மண், கல்லுத்தரை இதற்குப் பிடிக்கும். வெள்ளம் தேங்கும் பள்ளத்தில் தேடாதீர்கள். யாழ். குடாநாட்டில் இன்று காடு என்று சொல்லத்தக்கது மிகச் சொற்பம், பற்றையும் பனையும் தோட்டமும்தான். ஆகவே குடாநாட்டில் ஒரு முதிரை வளர்ந்து நிற்கிறது என்றால் பெரும்பாலும் கோயில் வளவு, பழைய வீட்டு வளவு, பள்ளிக்கூட வளவு.

இனி 'அருகிவரும்' என்ற சொல்லுக்கு வருவோம். ஐ.யூ.சி.என். எனப்படும் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 1998ஆம் ஆண்டு மதிப்பீடு முதிரையை 'அழிவாய்ப்புள்ளது' என்ற வகுப்பில் வைத்தது. அச்சுறுத்தலுக்குள்ளான வகுப்புகள் மூன்று: மிக அருகியது, அருகியது, அழிவாய்ப்புள்ளது. முதிரை மூன்றாவதில். பக்கத்தில் 'ஏ1சி' என்றொரு குறியீடு இருக்கும். பலர் அதை வாசிக்காமல் தாண்டிப் போவார்கள், விஷயமே அதற்குள்தான் இருக்கிறது. 'ஏ' என்றால் மொத்த எண்ணிக்கை குறைந்தது என்ற அளவுகோல். '1' என்றால் அந்தக் குறைவு ஏற்கெனவே நடந்துவிட்டது. 'சி' என்றால் மரம் இருக்கும் பரப்பும் வாழிடத்தின் தரமும் சுருங்கியதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று பொருள். 'கடைசிச் சில நூறு மரங்கள்தான் மிச்சம்' என்பதற்கு வேறு அளவுகோல் இருக்கிறது. அது 'டி'. முதிர்ந்த மரம் 50க்குக் கீழே என்றால் மிக அருகியது, 250க்குக் கீழே என்றால் அருகியது, 1000க்குக் கீழே என்றால் அழிவாய்ப்புள்ளது. முதிரை அந்த வழியால் பட்டியலுக்குள் வரவில்லை. அதனால்தான் வீதிக்கரையில் மரத்தையும் பட்டியலில் பெயரையும் ஒரே நேரத்தில் காண்கிறீர்கள்.

குறைவை எவ்வளவு காலத்துக்குப் பார்ப்பது என்பதும் முக்கியம். 10 ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் எது நீண்டதோ அது. எலிக்கு 10 ஆண்டு போதும். முதிரைபோல் மெல்ல வளரும் மரத்துக்கு மூன்று தலைமுறை என்றால் நூறாண்டைத் தாண்டிப் பின்னே போகும். அப்படிப் போனால் வெள்ளைக்காரர் காலத்தில் இங்கிலாந்துக்குத் தளபாடப் பலகையாகக் கப்பலேறியதும் கணக்குக்குள் வரும். 1830களில் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 205 அடிக்கு ஒரே வளைவாக முழுக்க முதிரையால் பாலம் கட்டினார்கள், 1905இல்தான் அது கழற்றப்பட்டது. அந்த அளவு மரம் அன்று காட்டில் கைக்கெட்டிய தூரத்தில் நின்றது. அதற்குப் பிறகு குடியேற்றத் திட்டங்கள், காட்டை எரித்துச் செய்யும் சேனைப் பயிர்ச்செய்கை, போர், போருக்குப் பின் எழுந்த வீடுகள். எல்லாம் அந்த மூன்று தலைமுறைக்குள்ளேயே அடங்கும்.

1998 மதிப்பீட்டை வாசிக்கும்போது இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அன்று பின்பற்றிய விதிகளின்படி 20 சதவீதம் குறைந்தாலே 'அழிவாய்ப்புள்ளது'. 2001இல் வந்த விதிகளில் அந்த எல்லை உயர்ந்தது: குறைவுக்கான காரணம் நின்று, திருத்தவும் முடியும் என்றால் 50 சதவீதம், நிற்கவில்லை என்றால் 30 சதவீதம். அதாவது காட்டில் ஒரு மரம்கூடக் கூடாமல் குறையாமல், விதி மாறியதாலேயே ஒரு மரத்தின் வகுப்பு மாறலாம். ஆகவே எந்த வகுப்பையும் ஆண்டோடும் குறியீட்டோடும் சேர்த்தே வாசிக்க வேண்டும். உலகப் பட்டியல் வேறு, இலங்கைக்கென்று தனியாக வெளிவரும் தேசியச் சிவப்புப் பட்டியல் வேறு. தேசியப் பட்டியல் 2012இலும் பின்னர் 2020க்கும் வந்தது. இலங்கைக்குள் என்ன நிலை என்று அறிய அதைத்தான் பார்க்க வேண்டும். மடகாஸ்கரில் முதிரை நன்றாக நின்றால் வவுனியாவுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

வகுப்பின் பெயரைக் கண்டு ஏமாறுவதற்குப் பக்கத்து மரங்களே நல்ல எடுத்துக்காட்டு. கருங்காலிக்கு உலகப் பட்டியலில் 1998இல் கிடைத்தது 'தரவு போதாதது' என்ற வகுப்பு. அதைக் கண்டு ஆபத்து இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அளந்து பார்க்கவில்லை என்பதுதான் அதன் பொருள். மறுபக்கம், க்ரூடியா செய்லானிக்கா என்று இலங்கைக்கே உரிய மரம் ஒன்று. தேசியப் பட்டியல் 2012இல் அதை அழிந்தது என்று எழுதியது. 2019இல் கம்பகா மாவட்டத்தின் தரலுவையில் தெருவோரம் அந்த மரம் உயிரோடு நின்றது தெரிந்தது. 2021இல் அதிவேக நெடுஞ்சாலைக்காக அதைத் தறிக்கப் போனபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அழிந்தது என்று எழுதப்பட்ட மரம் ஒரு வேலியோரம் நிற்கக்கூடும் என்றால், உங்கள் ஊர்க் கோயில் வளவில் என்ன நிற்கிறது என்று ஒருமுறை பார்ப்பது வீண்வேலை ஆகாது.

காட்டுக்குள் என்ன பிழை நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மரம் தறிப்பவர் கோணல் மரத்தைத் தொடமாட்டார். நேராக, கணு குறைவாக, பருத்து நிற்பதைத்தான் எடுப்பார். பத்தாண்டுக்கு ஒருமுறை இப்படி எடுத்துக்கொண்டே போனால் விதை கொட்ட மிஞ்சுவது கோணலும் பொந்தும். அடுத்த தலைமுறை அந்த விதையிலிருந்துதான் வர வேண்டும். கொட்டிய விதையிலும் பூச்சி துளைத்தது ஒரு பங்கு, பதராய்ப் போனது ஒரு பங்கு. முளைத்தது கோடையில் மாடு மேய்ந்தோ தீ ஓடியோ போகும். அடர்ந்த பற்றைக்குள் முளைத்தால் வெளிச்சம் இல்லாமல் நின்றபடியே சாகும், முதிரைக்கு வெளிச்சம் வேண்டும். வேரிலிருந்தும் அடிக்கட்டையிலிருந்தும் துளிர்ப்பது உண்மைதான். ஆனால் ஒரு கட்டையில் ஐந்தாறு துளிர் ஒன்றோடொன்று போட்டி போட்டு எழும்பினால் விறகு கிடைக்கும், நிலைக்கு மரம் கிடைக்காது. தூரத்தில் பச்சையாகத் தெரிகிற காடு இப்படித்தான் உள்ளே மெலிந்து போகிறது.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. 7 அடி உயரம், 3½ அடி அகலம் உள்ள ஒரு நிலைக்கு, கீழ்ப்படியும் சேர்த்தால், 21 அடி நீளம் மரம் வேண்டும். 5 அங்குலத்துக்கு 3 அங்குலம் என்றால் 2.2 கன அடி. ஆறு வாசல் 13 கன அடி. நாலுக்கு நாலடி யன்னல், நடுக்கால் ஒன்றோடு, 4 அங்குலத்துக்கு 3 அங்குலத்தில் 1.7 கன அடி வரும். எட்டு யன்னலுக்கு இன்னும் 13. கதவுப் பலகையைத் தொடாமலேயே 26 கன அடி ஆகிவிட்டது. இது அறுத்து எடுத்த அளவு. வைரம் ஏறாத வெள்ளையைத் தள்ளி, வெடிப்பைத் தள்ளி, வாள் தின்றதையும் தள்ளினால் குற்றியில் பாதிதான் கைக்கு வரும் என்று வையுங்கள், 50 கன அடிக்கு மேல் குற்றி வேண்டும். நாலடிச் சுற்று, 12 அடி நீளக் குற்றியை மரக்காலையில் அளக்கும் முறையில் போட்டால், சுற்றளவில் நாலிலொரு பங்கை எடுத்து அதை அதனாலேயே பெருக்கி நீளத்தால் பெருக்குவது, 12 கன அடி. ஆக, ஒரு வீட்டு நிலைக்கும் யன்னலுக்கும் நன்றாய் வளர்ந்த முதிரை நாலுக்கு மேல். சுற்றளவு ஆண்டுக்கு ஒரு செ.மீ. கூடுகிறது என்று வைத்துக்கொண்டாலும் நாலடிச் சுற்றுக்கு 120 ஆண்டு. உங்கள் கொள்ளுப்பாட்டன் காலத்தில் முளைத்த நாலு மரம்.

அதற்காக வீட்டில் முதிரையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. முன்வாசல் நிலைக்கும் கதவுக்கும் மட்டும் முதிரை போடுங்கள், மற்றதை வேம்பிலோ நடுகைத் தேக்கிலோ செய்யுங்கள். கறையானுக்கு வேம்பு நன்றாகவே நிற்கும், நம் ஊரில் அது புதிதும் இல்லை. குளியலறைக்கு அலுமினியம் போதும். கூரைக்கு வைரம் ஏறிய பனஞ்சிலாகை இருக்க முதிரையைத் தேடுவது அநியாயம்.

இன்னொரு வழி பழைய மரம். இடிந்த, இடிக்கப் போகிற பழைய வீடுகளின் நிலை, கதவு, வளைகளில் முதிரை இருக்கும். அது நன்றாக உலர்ந்து இறுகிய மரம், இனி நெளியாது. தேர்வது எப்படி என்றால், உளியால் ஒரு மூலையைச் சீவுங்கள். உள்ளே வெளிர்மஞ்சளிலிருந்து பொன்னிறம், வெளிச்சத்தில் திருப்பினால் பட்டுத்துணிபோல் மினுங்கும், சிலதில் குறுக்கே அலை ஓடும். நிறையைத் தூக்கிப் பார்த்தே தெரியும், காய்ந்த முதிரை கன மீட்டருக்கு 900 முதல் 1000 கிலோ, தண்ணீரின் நிறைக்குக் கிட்ட. பாலை இன்னும் நிறை கூடியது, நிறம் சிவந்த கபிலம். அறுக்கக் கொடுக்கும் முன் காந்தத்தை மரத்தின்மேல் ஓடவிட்டுப் பழைய ஆணிகளைத் தேடி எடுங்கள், ஓர் ஆணி வாளையே கெடுத்துவிடும். முதிரையின் நார் பின்னியிருப்பதால் சீவுளி பிய்க்கும். அலகை நன்றாகத் தீட்டி, மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆணியோ திருகாணியோ துளையிடாமல் அடித்தால் வெடிக்கும்.

ஓடாவியாரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது தூசி. முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடும் அரிப்பும் தடிப்பும் கொடுக்கும். மரத்தில் இருக்கும் ஸ்கிம்மியானின் போன்ற அல்கலோயிட்டுகள்தான் காரணம். முழுக்கைச் சட்டை, முகக்கவசம், வேலை முடிந்ததும் குளிப்பு. ஒருமுறை பட்டுத் தடித்தவர் அடுத்தமுறை இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

புது மரம் வாங்குவது என்றால் தாள் முக்கியம். 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும், 2009இன் 65ஆம் இலக்கத் திருத்தம் உட்பட, மரம் தறிப்பதையும் ஏற்றுவதையும் கட்டுப்படுத்துகின்றன. சொந்தக் காணியில் நின்ற முதிரை என்றாலும் வீதியில் ஏற்றிப் போக வனவளத் திணைக்களத்தின் போக்குவரத்து அனுமதி வேண்டும். கிராம அலுவலரிடம் காணி உறுதியோடு தொடங்கி, பிரதேச செயலகம் வழியாகப் போங்கள். அவர்கள் மரத்தை வந்து பார்க்கும் முன் கத்தி வைக்காதீர்கள். வாங்குகிறவராக இருந்தால் அனுமதிப்பத்திரத்தில் மரத்தின் பெயர், துண்டுக் கணக்கு, எங்கிருந்து எங்கே, வாகன இலக்கம், காலாவதித் திகதி எல்லாம் பாருங்கள். பத்திரத்தில் 8 துண்டு, உழவு இயந்திரப் பெட்டியில் 14 துண்டு என்றால் மீதி ஆறும் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தேவையில்லை, விட்டுவிடுங்கள். அரச மரக் கூட்டுத்தாபனத்தில் பற்றுச்சீட்டோடு எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை. இரவில் வரும், விலை குறைந்த, இன்றைக்கே எடுக்க வேண்டும் என்கிற மரம் எதுவோ அது வேண்டாம். பழைய மரத்துக்கும் இடித்த வீட்டின் படமும் கிராம அலுவலரின் கடிதமும் கையில் இருப்பது நல்லது, வழியில் மறிப்பவருக்கு அது பழையது என்று எப்படித் தெரியும்?

கன்றுக்கு வருவோம். கோண்டாவில் செம்மண்ணில் முதிரை வரும். குடாநாட்டில் மழை ஏறத்தாழ 1200 மி.மீ., அதில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். மீதி மாதங்கள் வறட்சி. வன்னியும் கிட்டத்தட்ட அப்படித்தான், மரத்துக்கு அது பழகிய காலநிலை. மண்ணில்தான் கவனம் வேண்டும். வலிகாமத்துச் செம்மண் நல்லது. தென்மராட்சி மணல் கலந்த நிலமும் சரி, எரு கூடப் போட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் நாக்கில் உவர்க்கும் கரையோரக் காணிக்கும், மாரியில் இரண்டு கிழமை வெள்ளம் நிற்கும் வயற்கரைக்கும் இதை வைக்காதீர்கள். அந்த இடத்தில் பூவரசு வையுங்கள்.

விதை எடுப்பதில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். நிலத்தில் பொறுக்கிய விதை பெரும்பாலும் பதர் அல்லது பூச்சி தின்றது. காய் பச்சை மாறிக் கபிலமாகி, இன்னும் வெடிக்காமல் இருக்கும் அந்தச் சில நாள்தான் நேரம். மாதத்தை நம்பாதீர்கள், மரத்துக்கு மரம் வித்தியாசப்படும். ஒரு கொத்தில் ஒன்றிரண்டு காய் வெடிக்கத் தொடங்கினால் மற்றவை தயார். கீழே சாக்கை விரித்துக் கொக்கைச்சத்தகத்தால் கொத்தாக அறுத்து, சுளகில் பரப்பி, மேலே நுளம்பு வலையைப் போட்டு நிழலில் நாலைந்து நாள் வையுங்கள். காய் தானாக வெடிக்கும், விதை பறக்காமல் வலைக்குள் நிற்கும். கடும் வெயிலில் காயப்போட்டால் முளைப்பு கெடும். அதில் 20 விதையை எடுத்து சவர அலகால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இறுகியிருந்தால் நல்லது, தூளாகவோ வெறுமையாகவோ இருந்தால் பதர். 20இல் 10க்குக் குறைவாக நல்லது இருந்தால் வேறு மரத்துக்குப் போங்கள். ஒரே மரத்து விதையால் முழுவதையும் போடாமல், நேராக வளர்ந்த ஐந்தாறு மரத்தில் எடுத்தால் கன்றுகளுக்குள் வித்தியாசம் இருக்கும், நோய் வந்தாலும் எல்லாம் ஒன்றாய்ப் போகாது. ஒதுக்கக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் விதைகூட எடுக்கக் கூடாது. கோயில் வளவும் தனியார் காணியும் போதும்.

முதிரை விதையைப் போத்தலில் போட்டு அடுத்த மாரிக்கு என்று வைக்காதீர்கள், ஒரு மாதத்துக்குள் விதைத்துவிடுங்கள். ஓர் இரவு பச்சைத்தண்ணீரில் ஊறவிட்டு, சிறகைக் கிள்ளி, அரை அடி உயர்த்திய பாத்தியில் செம்மண்ணும் ஆற்றுமணலும் சரிபாதி கலந்து, விதையைப் படுக்கவைத்து ஒரு செ.மீ. மண் மூடினால் போதும். ஆழம் கூடினால் மேலே வர வலுவிருக்காது. மேலே கிடுகுப் பந்தல், பாதி வெயில் விழுமாறு. இரண்டு மூன்று கிழமையில் முளை தெரியும். 100 விதைக்கு 30, 40 முளைத்தால் திருப்திப்படலாம். இங்கே வரும் இழப்பு தண்ணீரால்தான்: ஈரம் தேங்கினால் முளையின் தண்டு மண்மட்டத்தில் கறுத்து, நூலாகி, சாய்ந்துவிடும். காலையில் ஒருமுறை பூவாளியால் ஊற்றி, மாலைக்குள் மேல்மண் உலர வேண்டும். ஒன்று சாய்ந்தால் அதையும் சுற்றியுள்ள மண்ணையும் கிள்ளி எறிந்து, பந்தலைக் கொஞ்சம் விலக்குங்கள்.

நாலு இலை வந்ததும் பைக்கு மாற்றுங்கள். 6 அங்குல அகலம், 9 அங்குல உயரப் பை. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாய் உக்கிய மாட்டெரு ஒரு பங்கு. முதிரைக் கன்று மேலே ஒரு சாண் வரும்போது கீழே ஆணிவேர் அதைவிட நீளமாக ஓடியிருக்கும். மாற்றும்போது அந்த வேர் தூண்டில்போல் மேல்நோக்கி மடிந்தால் அந்தக் கன்று சாகாது, ஆனால் ஒருநாளும் மரமாகாது. ஐந்தாம் ஆண்டில் காற்றுக்குச் சாயும்போதுதான் காரணம் தெரியும். விரலால் ஆழமாகக் குழி குத்தி, வேரை நேரே தொங்கவிட்டு, நீளம் கூடியிருந்தால் நுனியை அலகால் வெட்டிவிடுங்கள். பையை மாதம் ஒருமுறை தூக்கி வேறு இடத்தில் வைத்தால் வேர் தரைக்குள் இறங்காது. ஆறு கிழமைக்குப் பிறகு நிழலைக் குறைத்து, மூன்று மாதத்தில் முழு வெயிலுக்கு விடுங்கள். ஓராண்டில் ஒரு அடி வந்தால் நல்ல கன்று. தேக்குபோல் பாய்ந்து எழும்பவில்லையே என்று யூரியா போட்டால் தண்டு வெளிறி நீண்டு வளையும்.

நடுவதற்கு ஐப்பசி, முதல் இரண்டு மழை விழுந்து மண் உள்வரை நனைந்த பிறகு. இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. வலிகாமத்தில் ஒன்றரை அடியில் சுண்ணாம்புக்கல் தட்டலாம். அலவாங்கால் அடித்து வெடிப்பு ஒன்றைத் திறந்துவிட்டால் வேர் வழி கண்டுபிடிக்கும். அலவாங்கு துள்ளித் திரும்பும் முழுப்பாறை என்றால் நாலடி தள்ளி வேறு குழி தோண்டுங்கள், சட்டிக்குள் வைத்ததுபோல் கல்லுக்குள் வைத்த மரம் ஏழெட்டு ஆண்டில் நின்றுவிடும். மேல்மண்ணோடு இரண்டு தாச்சி எரு கலந்து நிரப்பி, பையின் அடியையும் பக்கத்தையும் கீறி எடுத்து, மண்கட்டி உடையாமல் வையுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து 5 மீட்டர், கிணற்றிலிருந்தும் அவ்வளவு, அயலவர் வேலியிலிருந்து 3 மீட்டர். எல்லையில் வைத்த மரத்தால் ஐம்பது ஆண்டு கழித்துப் பிள்ளைகள் வழக்காட வேண்டாம்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் வேலி இல்லாமல் வைப்பது வைக்காததற்குச் சமம். கன்றைச் சுற்றிக் கிளுவைக் கதியால் ஐந்தாறு நட்டுப் பனமட்டையால் அடையுங்கள். முதல் இரண்டு கோடைதான் கண்டம். மாசி தொடங்கி ஆவணி வரை கிழமைக்கு ஒருமுறை 10 லீற்றர், ஒரே முறையில், மெல்ல. நாளுக்கு ஒரு செம்பு ஊற்றினால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டு நிற்கும். சருகை மூன்று அங்குலத்துக்குப் பரப்புங்கள், தண்டிலிருந்து ஒரு கை அகலம் விட்டு. தண்டோடு ஒட்டினால் கறையான் ஏறும். ஐந்தடி தள்ளி இரண்டு பக்கமும் கிளிரிசிடியா வைத்தால் முதிரை பக்கக்கிளை குறைத்து நேரே எழும்பும். கிளிரிசிடியா அதை மூடப் பார்க்கும்போது வெட்டி வாழைக்கும் தோட்டத்துக்கும் பசளையாக்கலாம். மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு இரட்டைத் தலை வந்தால் மெலிந்ததை வெட்டுங்கள். பக்கக்கிளையை ஒரே நாளில் எல்லாம் கழிக்காமல், மரத்தின் கீழ் மூன்றிலொன்றில் உள்ளதை மட்டும், கோடையில், தண்டோடு கீறல் விழாமல் எடுங்கள்.

ஊரில் ஏற்கெனவே ஒரு வளர்ந்த முதிரை நின்றால் அது கன்றைவிடப் பெறுமதி. நெஞ்சுயரத்தில், அதாவது நிலத்திலிருந்து 1.3 மீட்டரில், சுற்றளவை அளந்து எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதே மாதத்தில், அதே உயரத்தில். அளந்த இடத்தில் பட்டையில் சிறிய வண்ணப் புள்ளி வையுங்கள், ஆணி அடிக்காதீர்கள். எப்போது பூத்தது, எப்போது காய் வெடித்தது, மரத்தைச் சுற்றி 10 மீட்டருக்குள் முளை உண்டா என்றும் எழுதுங்கள். இலையும் காயும் உள்ள படத்தை யாழ். பல்கலைக்கழகத் தாவரவியல் துறையினருக்கோ வனவளத் திணைக்களத்தினருக்கோ காட்டினால் இனத்தை உறுதிப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் மரம் நிற்கும் சரியான இடத்தை முகநூலில் போடாதீர்கள், முதிரைக்கு மரக்காலையில் என்ன விலை என்பது எல்லோருக்கும் தெரியும். மரத்தடியில் சீமெந்துத் தரை போட்டிருந்தால் தண்டைச் சுற்றி ஒரு மீட்டராவது உடைத்து மண்ணைத் திறந்துவிடுங்கள். குப்பையை அந்த மரத்தடியில் எரிப்பவர்கள் இருந்தால் வேறு இடம் காட்டுங்கள், தக்கைப்பட்டை உள்ளே வெந்தால் அது வெளியே தெரிய இரண்டு கோடை ஆகும்.